அவளுக்காக நான் சொன்ன பதில்

என் மனைவிக்குத் தண்ணீர் என்றால் உயிர்ப்பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவளுக்கு அப்படி எந்தப் பயமும் கிடையாது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி, பேச்சிழந்து கிடந்த அவளைச் சிகிச்சைக்கென்று கட்டிய ஒரு குளத்துக்குள் இறக்கினார்கள். நான் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல எண்ணத்தில்தானே செய்தீர்கள் என்று எங்கள் மகன் போனில் சொன்னான். அவன் ஆறுதலுக்குச் சொன்னது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கவாதம் வந்தபோது அவளுக்கு அறுபத்தெட்டு வயது. எனக்கு எழுபத்துமூன்று. ஜோகுபாளையத்து வீட்டில், காலை எட்டரைக்கு, சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே சமையல் மேடையில் சாய்ந்தாள். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுவதும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, முதல் சில மாதங்களில் வருவதுதான் பெரும்பாலும் வரும், பயிற்சியை விடாதீர்கள் என்றார்கள். அந்த வாக்கியம் என் தலைக்குள் கடிகாரம் மாதிரி ஓட ஆரம்பித்தது.

அவளுக்காகப் பதில் சொல்வது எனக்கு வழக்கம். கல்யாணமாகி குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்தபோது அவளுக்குக் கன்னடம் தெரியாது, ஆங்கிலம் தெரியாது. டாக்டர், வங்கி, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, எங்கே போனாலும் அவளைக் கேட்பார்கள், நான் சொல்வேன். இரண்டே வருடத்தில் மார்க்கெட்டில் நின்று அவள் கற்றுக்கொண்ட கன்னடம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. "உங்க கன்னடத்தைக் கேட்டா கீரைக்காரி ரெண்டு ரூபா ஏத்திச் சொல்றா. பேசாம பையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்பாள். மார்க்கெட்டில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் டாக்டர் அறைக்குள் நுழைந்தால் பழையபடி நான்தான் பேசுவேன். எங்கே வலிக்கிறது என்று அவளைக் கேட்டால், "முழங்கால் சார், இடது" என்பேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாள். நாற்பத்துநாலு வருடம் அப்படி இருந்தாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர்ப் பயத்தைப் பற்றி அவள் எனக்குச் சொன்னது கல்யாணமான முதல் வருடத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்குப் படகில் போகலாம் என்று கூட்டிப்போனேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினால் அவள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே வரமாட்டேன் என்கிறாள். பூங்கா பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன். ஒன்பது வயதில் கோவில் குளத்துப் படியில் அவளுடைய அக்கா விளையாட்டாகத் தள்ளிவிட்டிருக்கிறாள். இவள் முங்கி முங்கி எழுந்ததைத் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பார்த்து, பின்னலைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறாள். வீட்டில் அக்கா, "அவளாத்தான் குதிச்சா" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் அக்காவை நம்பினார்கள். இவளுக்கு இருமல் அடங்கும் முன்பே அடி விழுந்தது.

"முங்கினதுகூடப் பரவாயில்லங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவ எனக்காகச் சொல்லிட்டா. அதுதான்" என்றாள். பிறகு, "உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அவளை எந்தத் தண்ணீர்ப் பக்கமும் கூப்பிட்டதில்லை. மெரினாவில் என் செருப்பை வைத்துக்கொண்டு காய்ந்த மணலிலேயே நிற்பாள். வீட்டில் ஷவர் போட்டேன். அவள் ஒரு நாள்கூட அதன் கீழே நின்றதில்லை. சின்னச் செம்பில் மொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தில் ஒரு சொட்டு வழியாமல் குளிப்பாள். நான் மறந்திருக்கக்கூடிய விஷயம் அல்ல இது. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சமயம் முயன்றேன். முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியும் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. நின்றால் வலது முழங்கால் மடங்கிவிடும். அப்போது ஏரிக்கரையில் என்னோடு நடக்கும் ஒருவர், தன் தம்பி பூல் தெரபியில் ஐந்து வாரத்தில் நடந்துவிட்டான் என்று சொன்னார். இந்திரா நகர் தாண்டி ஒரு மறுவாழ்வு மையத்தில் வெந்நீர்க் குளம் இருக்கிறது என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

மையத்தில் எங்களைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் முப்பது வயதுகூட இராத பெண். எல்லையை ஒட்டிய ஆனேக்கல் பக்கத்துக்காரி. தமிழும் கன்னடமும் அவள் வாயில் ஒரே மொழியாக வரும். அவள் என்னைப் பார்க்காமல் நேராக என் மனைவியின் சக்கர நாற்காலிக்கு முன் குந்தி உட்கார்ந்தாள்.

"ஆண்ட்டி, ஊட்டா ஆயித்தா? சாப்பிட்டீங்களா?"

அவள் தலையசைத்தாள்.

"காபியில உப்பு போடுவோமா ஆண்ட்டி?"

தலையசைத்தாள்.

"இந்த அங்கிள் உங்க தம்பியா?"

அதற்கும் தலையசைத்தாள். பாதி உதட்டில் ஒரு சிரிப்பும் வந்தது. அது நோயா, குறும்பா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் எழுந்து என்னிடம் வந்தாள். "அவங்களுக்கு நிறையப் புரியுது அங்கிள். ஆனா ஆமா, இல்ல ரெண்டும் இன்னும் நிலைக்கல. எதுக்குக் கேட்டாலும் ஆமான்னுதான் வருது. அதனால இந்த ஃபார்ம்ல நீங்க சொல்றதைத்தான் நான் நம்பணும். பூல் எல்லாருக்கும் ஆகாது. யோசிச்சுச் சொல்லுங்க."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். வலிப்பு வந்திருக்கிறதா, இதயத்தில் கோளாறு உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு, விழுங்கும்போது புரை ஏறுகிறதா, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னேன். முதல் இரண்டு வாரம் சிறுநீர் கட்டுப்படவில்லை என்பதைக்கூட, அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே, சொன்னேன். திரையை இழுத்துவிட்டு முதுகு, இடுப்பு, குதிகால், விரலிடுக்கு என்று அந்தப் பெண் புண் தேடினாள். எங்கும் இல்லை. கடைசியில் கேட்டாள்:

"தண்ணி பயம் ஏதாவது? முன்னாடி ஏதாவது நடந்திருக்கா?"

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். பத்து அளவு சரியாக இருந்து ஒரு அளவு தவறினால் சாமான் கழிவுக்குப் போகும். கையெழுத்திட்டு ஒதுக்க வேண்டியவன் நான். என் கைக்கு வந்த எந்தப் படிவத்தையும் அப்படித்தான் படிப்பேன். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றால் அவளை ஒதுக்கிவிடுவார்கள் என்று ஒரு நொடியில் முடிவு செய்தேன். ஏன் கேட்கிறார்கள், ஆமாம் என்றால் என்ன செய்வார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"பயமா!" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். "ஆத்தங்கரைக்காரிம்மா இவ. சின்ன வயசுல தண்ணியை விட்டு வெளியவே வரமாட்டாளாம்."

இல்லை என்ற ஒரு சொல் போதும். நான் கதை கட்டினேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கழுத்து மட்டும் திரும்பியது. கோபமாகப் பார்த்தாள் என்று எழுதினால் எனக்குச் சுலபம். அது கோபம் இல்லை. தெரிந்த ஆள் என்று ஓடி வந்து தோளைத் தொட்டு, அவர் திரும்பியதும் வேறு யாரோ என்று தெரிந்தால் ஒரு முகம் வருமே, அந்த முகம். இடது கையைத் தூக்கினாள். வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

"என்ன ஆண்ட்டி?" என்றாள் அந்தப் பெண்.

"குளிக்கப் போறோம்னு சந்தோஷம்" என்றேன் நான்.

இரண்டு நாள் கழித்துக் குளத்தில் இறக்கினார்கள். சக்கர நாற்காலியோடு சரிவில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகும்படி கட்டியிருந்தார்கள். அந்தப் பெண் முன்னால், ஒரு உதவியாளர் பின்னால். முழங்கால் வரை தண்ணீர் வந்தது. என் மனைவி தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இடுப்பு வரை வந்தபோது இடது கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியது.

"ஆண்ட்டி, ஓகேவா?" அவள் தலையசைத்தாள். எல்லாவற்றுக்கும் அசையும் தலை அது. அந்தப் பெண்ணுக்குத் திருப்தி இல்லை. கரையிலிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓகேதாம்மா. மெதுவா இறக்குங்க" என்றேன்.

தண்ணீர் மார்பைத் தொட்டதும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவள் தொண்டையிலிருந்து வந்த முதல் பெரிய சத்தம் அதுதான். இடது கையால் அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்ததில் அந்தப் பெண்ணின் தலையும் தண்ணீருக்குள் போய் வந்தது. உதவியாளர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். எல்லாம் இரண்டு நிமிடம் இருக்கும். வெளியே கொண்டுவந்து துண்டு போர்த்தியபோது, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து வந்துகொண்டிருந்த வலது கை முறுக்கிக்கொண்டு மார்போடு ஒட்டியிருந்தது. எங்களால் அதைப் பிரிக்க முடியவில்லை.

அந்தப் பெண் இருமிக்கொண்டே கேட்டாள். "அங்கிள், நிஜமாவே முன்னாடி பயம் எதுவும் இல்லையா?"

"இல்லம்மா. எனக்கே இப்பதான் தெரியுது."

அதை என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் என் கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஸ்பூனைத் தள்ளிவிட்டு இடது கையால் தானே அள்ளுவாள்; பாதி மடியில் விழும். துடைக்கப் போனால் முகத்தைத் திருப்புவாள். காலை, மாலை நான் செய்துவிட வேண்டிய பயிற்சிகள் இருந்தன. என் விரல் பட்டதும் முறுக்கிய கை இன்னும் முறுக்கும். வேறு யாரிடமும் அவள் கையைக் கொடுத்ததில்லை; இப்போது என்னிடமும் இல்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் குணமாவதற்கு இருந்த ஒரே வழி என் கை வழியாகத்தான் இருந்தது. அதை நானே அடைத்துவிட்டேன்.

பத்தாம் நாள், குளம் வேண்டாம், மேலே பயிற்சி அறைக்குத்தான் என்று சொல்லி ஆட்டோவில் கூட்டிப்போனேன். மையத்து வாசலில் ஆட்டோ நின்றதும் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இறங்கு, இன்னிக்குத் தண்ணி இல்ல, சத்தியமா இல்ல" என்றேன். பிடியை விடவில்லை. நான் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாக்கே சார், ஏன் இழுக்கிறீங்க? அம்மாதான் வேணாங்கிறாங்களே."

"அவளுக்குப் பேச வராதுப்பா."

"பேசுறாங்களே சார். பிடிச்சிருக்கிற பிடியைப் பாருங்க. நீங்க முதல்ல கையை எடுங்க."

கையை எடுத்தேன். அவரே வண்டியைத் திருப்பினார்.

அடுத்த நாள் மையத்துக்குப் போன் செய்தபோது அந்தப் பெண்ணின் மேலதிகாரி எடுத்தார். மன்னிப்புக் கேட்டார். "புதுப் பொண்ணு சார், சரியா விசாரிக்காம அவசரப்பட்டுட்டா. இப்போதைக்கு அவளைக் குளத்து நோயாளிகள்கிட்ட விடல. உங்களுக்கு சீனியர் ஒருத்தரைத் தர்றேன்." அவர் குரலில் என்மேல் அத்தனை மரியாதை. நான் மறுக்காமல் போனை வைத்தேன். யார் குதித்தது, யார் தள்ளியது என்று இன்னொரு வீட்டில் பொய் சொல்லியாகிவிட்டது. அடி வேறு யாருக்கோ விழுந்திருந்தது.

அன்று மதியமே போனேன். மேலதிகாரியின் அறையில் அந்தப் பெண்ணையும் கூப்பிடச் சொன்னேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன்: எனக்குத் தெரியும், கேட்டபோது மறைத்தேன், பிறகு ஒருமுறை கேட்டபோதும் மறைத்தேன், இந்தப் பெண்மேல் தவறில்லை. பழைய படிவத்தை வாங்கி, அந்தக் கேள்விக்கு எதிரே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குளத்துப் படி, அக்கா என்ற விவரங்களை எழுதவில்லை. அவை அவளுடையவை.

மேலதிகாரி படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் பேசினாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, குரலில் இல்லை.

"எதுக்கு அங்கிள் மறைச்சீங்க?"

"பயம்னு சொன்னா சேர்த்துக்க மாட்டீங்கன்னு."

"யார் சொன்னது? வலிப்பு அடங்கலன்னா மாட்டேன். ஆறாத புண், ஜுரம் இருந்தா அது சரியாகிற வரைக்கும் மாட்டேன். பயத்துக்குக் கதவைச் சாத்துறதில்ல அங்கிள். பயம்னு தெரிஞ்சா வேற மாதிரி ஆரம்பிப்பேன். முதல் வாரம் கரையில உக்கார வைப்பேன். அப்புறம் பாதம் மட்டும். கையில ஒரு பந்து குடுத்து, கீழ போட்டா நிறுத்திடுவேன்னு பழக்குவேன். மார்பு வரைக்கும் போக ரெண்டு மாசம் ஆனாலும் ஆகட்டும். இல்ல அவங்களுக்கு வேணாம்னா வேணாம். அதுக்குத்தான் அந்தக் கேள்வியே." கொஞ்சம் நிறுத்தினாள். "நாலு நாள் எனக்குச் சோறு இறங்கல. என்ன தப்புப் பண்ணினேன்னு அந்த ஃபார்மைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்."

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"ஆண்ட்டிகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட ஏன் முதல்ல கேக்கறீங்க?"

வீட்டுக்குத் திரும்பி, கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். முதுகைப் பார்த்தே சொன்னேன். "உனக்குப் பயம்னு எனக்குத் தெரியும். ஏரிக்கரையில நீ சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கு. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். உங்க அக்கா பண்ணினதையே நானும் பண்ணிட்டேன். அவ சின்னப் பொண்ணு. நான் கிழவன்."

வெகு நேரம் கழித்து அவள் திரும்பினாள். என்னை முழுவதும் பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினாள். எழுந்து வெளியே போனேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். டீ நேரத்துக்கு டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. டீ போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். தானே குடித்தாள். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு டீ வேண்டியிருந்தது.

அந்தப் பெண் வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒத்துக்கொண்டாள். ஒரு நிபந்தனை: அந்த நேரம் நான் அறைக்குள் இருக்கக் கூடாது. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே, "ஆண்ட்டி, ஸ்வல்ப, கொஞ்சம் கால் முன்னாடி. அய்யோ என் ராணி, சூப்பர்!" என்று சத்தம் கேட்கும். மூன்றாவது வாரம் என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. எதற்குச் சிரித்தாள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் அவளுடைய ஆமா, இல்லை இரண்டும் நிலைத்தன. காபியில் உப்பா என்றால் தலை இல்லை என்று ஆடியது. வெளியே இருக்கும் அங்கிள் யார் என்று கேட்டதற்கு வாய் கோணி, "வீ...ட்டு...க்காரர்" என்றாளாம். அன்று அந்தப் பெண் என்னையும் உள்ளே கூப்பிட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கூப்பிட்டாள். பழைய படிவத்தை எடுத்து, கடைசிக் கேள்வியை அவளிடமே கேட்டாள். என் மனைவி ஆமாம் என்று தலையசைத்தாள். மெதுவாக ஆரம்பிக்கலாம், பாதம் மட்டும், கை இளக வெந்நீர் உதவும், இஷ்டமா என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள், ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று கெஞ்சினேன். திருந்திவிட்டதாக நினைத்திருந்தவனின் லட்சணம் அது.

"வே...ணா" என்றாள். அந்தப் பெண் இன்னொரு மாதிரி திருப்பிக் கேட்டாள். "வேணா." இரண்டாம் முறை தடங்கலே இல்லை.

படிவத்தில் நோயாளிக்கு விருப்பமில்லை, பொருந்தாது என்று எழுதி, அவளுடைய இடது கட்டை விரல் ரேகையை வாங்கிக்கொண்டு போனாள் அந்தப் பெண்.

இப்போது நாலு கால் ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறாள். வலது கை வரவில்லை. முதலிலேயே உண்மையைச் சொல்லி, கரையில் உட்கார வைத்து ஆரம்பித்திருந்தால் வந்திருக்குமா என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியாது அங்கிள். தெரியும்னு சொன்னா பொய்" என்றாள் அந்தப் பெண்.

போன மாதம் நரம்பு மருத்துவரிடம் போனோம். அவர் அவளிடம், எப்படி இருக்கிறீர்கள், தூக்கம் வருகிறதா என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். மருத்துவர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "தூ...க்கம் வரு...து. கை... கோபம்" என்றாள். கைமேல் கோபமா, வேறு எதன்மேலாவதா என்று அவர் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

வெளியே வந்தால் ஏழு படி. கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். விழுந்தால் தாங்கலாம் என்று நான் இரண்டு படி கீழே, முகத்தை அவள் பக்கம் வைத்துக்கொண்டு, பின்னோக்கி அடி வைத்து இறங்கினேன்.